சுத்தியலும் புதையலும்

சென்ற மாதத்தில் ஒரு நாள் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், மணி அடித்து எல்லோரும் ஓடிய பிறகும், நமது மேஜையருகில் தயங்கித் தயங்கி நின்றுகொண்டிருந்தான். வலது கையை இறுக மூடியிருந்தான். "என்னப்பா?" என்று கேட்டதும் கையை விரித்தான். உள்ளே ஒரு செப்புக் காசு இருந்தது. கார்த்திகைக்குத் துலக்கி வைத்த குத்துவிளக்கைப் போல் அது பளபளவென்று மின்னிற்று.

"ஸார், இது எந்த ராஜா காசு?"

நாம் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். ஒரு பக்கத்தில் ஏதோ ஒரு மிருகத்தின் முதுகைப் போல ஒரு மேடு. மறு பக்கத்தில் எழுத்து இருந்திருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கீறல்கள். அவ்வளவுதான்.

"இதை யாரப்பா இப்படித் தேய்த்தது?"

"அம்மாதான், ஸார். முதலில் பச்சைப் பசேலென்று களிம்பு பிடித்திருந்தது. புளி போட்டுத் தேய்த்தாள். பிறகு நான் செங்கற்பொடி போட்டும் தேய்த்தேன்."

"எங்கே கிடைத்தது?"

"பக்கத்துத் தெருப் பையனிடம் ரப்பர் பந்தைக் கொடுத்துவிட்டு வாங்கினேன்."

"அவனுக்கு எங்கே கிடைத்ததாம்?"

"அது தெரியாது, ஸார்."

களிம்போடு ராஜாவின் பெயரும் போய்விட்டது என்பதைப் பையனிடம் எப்படிச் சொல்வது? ஆனால் பெயர் போனதைக் காட்டிலும் நமக்கு அதிக வருத்தம் உண்டாக்கியது அவனுடைய கடைசி பதில்தான். எழுத்து அழிந்த காசாக இருந்தாலும், இன்ன ஊரில், இன்ன வயலில், இத்தனை அடி ஆழத்தில், இன்னின்ன பொருள்களோடு கிடைத்தது என்று தெரிந்தால், அதைக்கொண்டு அறிஞர்கள் எவ்வளவோ சொல்லிவிடுவார்கள். ஊர் பேர் தெரியாத காசு ஊமைக் காசு.

அன்று மாலை வீடு திரும்பும்போது, இங்கிலாந்து தேசத்தில் ஒரு குடியானவரின் சுத்தியல் காணாமற்போன கதை நம் நினைவுக்கு வந்தது. காசுக்கும் சுத்தியலுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். சற்றுப் பொறுமையாகக் கேட்டால் விளங்கும்.

அந்த நாட்டில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரு விநோதமான பொழுதுபோக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை வந்தால், நீண்ட கோலின் நுனியில் தட்டுப்போன்ற வளையம் பொருத்திய ஒரு கருவியைக் கையிலும், தண்டோசை கேட்கும் குழாயைக் காதிலும் மாட்டிக்கொண்டு, அறுவடை முடிந்த வயல்களில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக மெள்ள நடப்பார்கள். விமான நிலையங்களிலும் பெரிய கோயில்களின் வாசலிலும் நம்மை நிறுத்திச் சோதிக்கிறார்களே, அந்த மெட்டல் டிடெக்டரின் உடன்பிறப்புத்தான் இது. வளையத்துக்குள் இருக்கும் கம்பிச் சுருளில் மாறி மாறி மின்சாரம் ஓடுகிறது. அதனால் பூமிக்குள் ஒரு காந்தப் புலம் பரவுகிறது. அங்கே ஓர் உலோகத் துண்டு இருந்தால் அதற்குள்ளும் மின்சாரம் சுழன்று, பதிலுக்கு அது ஒரு சிறு காந்தப் புலத்தை எழுப்புகிறது. அந்தப் பதிலைக் கருவி பிடித்து 'கீங்' என்று காதில் சொல்கிறது. தங்க மொகராவுக்கும் சோடாப் புட்டி மூடிக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் அது கத்தும்! தனிக் காசாக இருந்தால் ஒரு சாண் ஆழம் வரையில் சாதாரணமாகக் கண்டுபிடித்துவிடும்.

இக்கருவியின் பூர்வ சரித்திரமும் சுவையானது. 1881-ம் வருஷத்தில் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடம்பில் தங்கிவிட்ட குண்டு எங்கே இருக்கிறது என்று அறிய, டெலிபோனுக்குப் பேர்போன அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் இப்படிப்பட்ட கருவி ஒன்றைக் கொண்டுவந்தார். குண்டு அகப்படவில்லை; படுக்கையிலிருந்த உலோகச் சுருள்கள் கருவியைக் குழப்பிவிட்டன என்று சொல்வார்கள். பிறகு இரண்டாவது உலக யுத்தத்தில், பூமியில் புதைத்த கண்ணிவெடிகளைக் கண்டுபிடிக்க, போலந்து தேசத்து ராணுவ அதிகாரி ஜோஸெஃப் கொஸாட்ஸ்கி என்பவர் கையில் தூக்கிச் செல்லும் கருவி ஒன்றை அமைத்தார். 1942-ல் எல் அலமேன் போர்க்களத்தில் அது பல உயிர்களைக் காத்தது. உயிர் காக்கப் பிறந்த கருவி, யுத்தம் ஓய்ந்த பிறகு காசு தேடப் புறப்பட்டது.

இனிச் சுத்தியலுக்கு வருவோம். ஸஃபோக் ஜில்லாவில் ஹாக்ஸன் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு குடியானவர் தம் வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். தோட்ட வேலை பார்த்து ஓய்வு பெற்ற எரிக் லாஸ் என்பவர் அவருக்குச் சிநேகிதர். வேலையிலிருந்து ஓய்ந்தபோது லாஸுக்குப் பரிசாகக் கிடைத்தது ஒரு மெட்டல் டிடெக்டர். "நான் தேடித் தருகிறேன்" என்று அவர் 1992-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி கருவியுடன் வயலில் இறங்கினார். கருவி பலமாகக் கத்திற்று. தோண்டினார். சுத்தியலுக்குப் பதிலாக வெள்ளிக் கரண்டிகளும் தங்கக் காசுகளும் வெளியே வந்தன!

இந்த இடத்தில் நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம் என்று வாசகர்கள் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு யோசிக்க வேண்டுகிறோம். மனைவி மக்களுக்கு ஆள் அனுப்பி, மண்வெட்டியும் கோணிச் சாக்கும் கொண்டுவரச் சொல்லி, இருட்டுவதற்குள் பூமியைக் குடைந்திருக்க மாட்டோமா? லாஸ் சிறிது தோண்டினார். இது பெரிய விஷயம் என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டார். நிலம் ஜில்லா நிர்வாகத்துக்குச் சொந்தமாகையால் அவர்களுக்கும், போலீஸுக்கும் தகவல் கொடுத்தார். மறுநாளே புதைபொருள் ஆராய்ச்சியாளர்கள் வந்து, வெளியாருக்குத் தெரியாமல், ஒரே நாளில் மீதியை முறைப்படி எடுத்தார்கள். சில பகுதிகளை மண்ணோடு மண்ணாகக் கட்டியாகவே பெயர்த்துச் சோதனைச் சாலைக்குக் கொண்டுபோனார்கள்.

எண்ணிப் பார்த்தபோது தங்க நாணயம் 569, வெள்ளி நாணயம் 14,272, வெண்கல நாணயம் 24, ஆக 14,865. அவற்றோடு தங்க நகைகள் 29; வெள்ளிக் கரண்டிகள், அகப்பைகள், கிண்ணங்கள் வேறு. பிரிட்டனில் ரோமாபுரி ஆட்சி முடிந்த காலத்துப் புதையல்களில் இதைவிடப் பெரியது இன்றுவரை அகப்படவில்லை.

தொகையைக் கேட்டு வாயைப் பிளப்பது ஒரு புறம் இருக்கட்டும். அவர் தோண்டுவதை நிறுத்தியதால் உலகத்துக்குக் கிடைத்த லாபம் என்ன என்பதைச் சொல்கிறோம். பொருள்கள் இருந்த இருப்பு கலையாமல் கிடைத்தபடியால், அவை சுமார் இரண்டு அடி நீளமுள்ள ஓர் ஓக் மரப் பெட்டிக்குள் அடுக்கப்பட்டிருந்தன என்பது தெரிந்தது. மரம் மக்கிப் போயிருந்தது. மண்ணில் அதன் அடையாளம் மட்டும் நின்றது. பெரிய பெட்டிக்குள் சிறிய பெட்டிகள். அவற்றுக்குச் சின்னஞ்சிறு வெள்ளிப் பூட்டுகள். கிண்ணத்தோடு கிண்ணம் உராயாமல் இடையிடையே வைக்கோல். சில பாத்திரங்களைச் சுற்றித் துணி. நம் வீட்டுப் பெண்மணிகள் ஊருக்குப் போகும்போது வெள்ளிப் பாத்திரத்தைப் பழந்துணியில் சுற்றிப் பெட்டியில் வைக்கிறார்களே, அதே ஜாக்கிரதை! இது அவசரத்தில் எறிந்துவிட்டு ஓடியவனின் மூட்டை அல்ல. திரும்பி வருவோம் என்ற நம்பிக்கையோடு ஒருவர் பதறாமல் அடுக்கிய பெட்டி. சாக்கில் அள்ளிப் போட்டிருந்தால் தங்கம் தங்கமாகவே இருந்திருக்கும். அந்த நம்பிக்கை மட்டும் நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவற்றின் ஓரம் வெட்டப்பட்டிருந்தது. வெட்டியவர்கள் சக்கரவர்த்தியின் முகத்தை மட்டும் தொடாமல் ஜாக்கிரதையாகச் சுற்றி வெட்டியிருக்கிறார்கள். திருட்டிலும் ஒரு ராஜபக்தி! கடைசிக் காசுகள் 407, 408-ம் வருஷத்தைச் சேர்ந்தவை. அந்தச் சமயத்தில்தான் ரோமானியப் படைகள் பிரிட்டனை விட்டுப் போயின. புதுக் காசு வருவது நின்றது. இருக்கும் காசின் ஓரத்தை வெட்டி, அந்த வெள்ளியில் வேறு காசு அடித்துக் காலந்தள்ள வேண்டியதாயிற்று. ஒரு ராஜ்யம் கைவிட்டுப் போன பிறகு ஜனங்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பதை 14,000 வெள்ளிக் காசுகள் ஒன்றாகச் சேர்ந்து சாட்சி சொல்கின்றன. அவற்றைத் தனித் தனியாகப் பத்துக் கடைகளில் விற்றிருந்தால் அந்தச் சாட்சியம் ஏது?

இந்தப் பெட்டிக்குள் நம் நாட்டுச் சம்பந்தமும் ஒன்று இருந்தது. நான்கு வெள்ளி மிளகுச் சிமிழ்கள்! அவற்றில் ஒன்று கொண்டையலங்காரம் செய்துகொண்ட ஒரு சீமாட்டியின் உருவம். அடியிலுள்ள தட்டை ஒரு பக்கம் திருப்பினால் மிளகுப் பொடி போடத் திறக்கும். இன்னொரு பக்கம் திருப்பினால் தூவும். மற்றொரு பக்கம் திருப்பினால் மூடிக்கொள்ளும். அந்த மிளகு எங்கே விளைந்தது? பழைய சேர நாட்டு மலைச்சரிவுகளில் விளைந்து, மேற்குக் கரையில் கப்பலேறி, செங்கடல் வழியாகச் சென்ற சரக்கு அது. 408-ல் அலாரிக் என்ற கோத்தியத் தலைவன் ரோமாபுரியை முற்றுகையிட்டு விலகுவதற்குக் கேட்ட விலையில், தங்கம் வெள்ளியோடு 3,000 ராத்தல் மிளகும் சேர்ந்திருந்தது. நம் வீட்டு ரசத்தில் மிதக்கும் சரக்கு அக்காலத்தில் ஒரு மகாநகரத்தின் உயிருக்கு விலையாக இருந்திருக்கிறது!

இன்னொரு பொருளையும் சொல்லாமல் விட மனமில்லை. ஒரு தங்கக் காப்பு. அதில் ஜூலியானா என்ற பெண்மணியின் பெயரைச் சொல்லி, இதை அணிந்து இன்புற்றிருப்பாயாக என்று வாழ்த்துப் பொறித்திருக்கிறது. அந்த அம்மாள் யார், பெட்டியைப் புதைத்தவருக்கு என்ன உறவு என்பதெல்லாம் பூமிக்குத்தான் வெளிச்சம். எப்படியும் பெட்டியை எடுக்க யாரும் திரும்பி வரவில்லை.

புதையலுக்கு 17½ லட்சம் பவுன் மதிப்பிட்டு, 1993-ல் லாஸுக்குச் சன்மானம் கொடுத்தார்கள். சட்டப்படி யாருக்கும் பங்கு கொடுக்க வேண்டிய கடமை அவருக்கு இல்லை. இருந்தும் சுத்தியலைத் தொலைத்த குடியானவருடன் பகிர்ந்துகொண்டார். சுத்தியலும் பிற்பாடு அகப்பட்டது. அது இப்போது பிரிட்டிஷ் மியூஸியத்தில் இருக்கிறது. சக்கரவர்த்திகளின் தங்கத்தோடு ஒரு குடியானவரின் இரும்புச் சுத்தியலும் அங்கே இடம் பெற்றிருப்பது பொருத்தமே என்பது நம் அபிப்பிராயம்.

எல்லோரும் எரிக் லாஸ் ஆகிவிடுவதில்லை. 2015-ம் வருஷத்தில் அதே தேசத்தில் நடந்த இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

முதல் சம்பவம் ஜூன் மாதத்தில், ஹெரிஃபோர்டுஷயரில் லெம்ஸ்டர் ஊருக்கு அருகே ஒரு பண்ணை நிலத்தில் நடந்தது. கருவியுடன் போன இருவருக்கு ஒன்பதாம் நூற்றாண்டில் புதைத்த தங்க நகைகளும், ஒரு வெள்ளிக் கட்டியும், சுமார் 300 என்று மதிப்பிடப்படும் நாணயங்களும் கிடைத்தன. அவர்கள் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லவில்லை. நாணயங்களைக் கைமாற்றி விற்கத் தொடங்கினார்கள். மண்ணுக்குள் இருந்த நிலையில் புதையலைப் படம் பிடித்துவிட்டுப் பிறகு செல்போனிலிருந்து அழித்தார்கள். போலீஸார் அந்தப் படங்களை மீட்டுவிட்டார்கள். 2019-ல் ஒருவருக்கு 10 வருஷமும் மற்றவருக்கு 8½ வருஷமும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அப்பீலில் தண்டனை குறைந்தது. ஆனால் வழக்கு நடந்தபோது மீட்கப்பட்டிருந்த நாணயங்கள் 31 மட்டுமே. 2023-ல் வேறொரு வழக்கில் 44 நாணயங்கள் அகப்பட்டன. அவையும் இந்தப் புதையலைச் சேர்ந்தவை என்றே கருதப்படுகிறது. மற்றவை எந்தப் பணக்காரரின் அலமாரியில் ஊமையாக உட்கார்ந்திருக்கின்றனவோ!

இரண்டாவது சம்பவம் அதே வருஷம் அக்டோபர் மாதத்தில், ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் வாட்லிங்டன் என்னும் ஊருக்கருகில் நடந்தது. இங்கேயும் ஒருவருக்கு வயலில் அதே காலத்துப் புதையல் அகப்பட்டது. அவர் உடனே உரிய அதிகாரிக்குத் தெரிவித்தார். மண் கட்டியோடு பெயர்த்து எடுத்துப் போய் நிதானமாகப் பிரித்தார்கள். சுமார் 200 நாணயங்கள். அவற்றில் 13 நாணயங்களில் இரண்டு சக்கரவர்த்திகள் பக்கத்தில் பக்கத்தில் வீற்றிருக்கும் சித்திரம் இருந்தது. வெஸ்ஸெக்ஸ் அரசர் ஆல்ஃபிரெட், மெர்ஸியா அரசர் சியோல்வுல்ஃப் ஆகிய இருவரும் ஒரே மாதிரி நாணயம் அடித்திருக்கிறார்கள். ஆல்ஃபிரெட் பக்கத்தார் எழுதி வைத்த சரித்திரக் குறிப்பு, சியோல்வுல்ஃபை அந்நியருக்குத் தலையாட்டிய அறிவிலி என்று இகழ்கிறது. நாணயமோ, இருவரும் சரிநிகராக நின்று தோழமை பூண்டிருந்தார்கள் என்று சொல்கிறது. ஆயிரம் வருஷங்களுக்கு மேலாக அவப்பெயர் சுமந்த ஓர் அரசர், ஒரு வயலின் மண் கட்டிக்குள்ளிருந்து தம் கட்சியைச் சொல்லிக்கொண்டார். அந்தப் புதையலை ஆக்ஸ்ஃபோர்டிலுள்ள ஆஷ்மோலியன் மியூஸியம் 2017-ல் 13½ லட்சம் பவுனுக்கு வாங்கியது.

லெம்ஸ்டர் புதையலிலும் இதே சித்திரமுள்ள நாணயங்கள் இருந்தன. அது முழுமையாகக் கிடைத்திருந்தால் அந்த அரசர் இன்னும் என்னென்ன சொல்லியிருப்பாரோ? அவ்விருவரும் பொன்னைத் திருடியதாகத்தான் நியாயஸ்தலம் தீர்ப்புச் சொல்லிற்று. நம் கணக்கில் அவர்கள் ஓர் அரசரின் வாக்குமூலத்தையும் திருடியிருக்கிறார்கள்.

நேர்மையாக நடப்பவர் நஷ்டப்படாமல் இருக்கச் சட்டமும் கைகொடுக்க வேண்டும். இங்கிலாந்தில் 1996-ல் இயற்றி மறு வருஷம் அமுலுக்கு வந்த புதையல் சட்டத்தின்படி, கண்டெடுத்தவர் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். மியூஸியம் எடுத்துக்கொண்டால், கண்டவருக்கும் நிலத்துக்காரருக்கும் சன்மானம் உண்டு. புதையல் என்ற கணக்கில் சேராத ஒற்றைக் காசு, பொத்தான், ஊசி முதலியவற்றையும் கொண்டுவந்து காட்டினால், கிடைத்த இடத்தோடு குறித்துக்கொள்ள 1997-லிருந்து ஓர் ஏற்பாடு இருக்கிறது. இதுவரை 15 லட்சத்துக்கு மேற்பட்ட பொருள்களை அப்படிப் பதிவு செய்திருக்கிறார்கள். பதிவான பிறகு பொருள் பெரும்பாலும் கண்டவரிடமே திரும்பிவிடும். சரித்திரத்துக்கு வேண்டியது அந்த ஊசியன்று. அது கிடந்த இடந்தான்.

நம் நாட்டிலும் 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்திருந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கண்டவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். உரிமை கொண்டாட யாரும் இல்லை என்று முடிவானால், வேறு உடன்படிக்கை இல்லாதபோது, கண்டவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. சர்க்கார் வேண்டுமென்று எடுத்துக்கொண்டால் உலோகத்தின் விலையோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்க வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. "புதையல் எடுத்தால் சர்க்கார் பிடுங்கிக்கொள்ளும்" என்று திண்ணைக்குத் திண்ணை பேசுகிறோமே தவிர, முக்கால் பங்கு என்ற வார்த்தையை எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? அந்தப் பயத்தினால் இரவோடிரவாக உருக்குமூசைக்குள் போன காசுகள் எத்தனையோ!

மறுநாள் இந்தக் கதையை வகுப்பில் சொன்னோம். பையன்களுக்கு மிகவும் பிடித்தது சுத்தியல்தான். ஆனால் நம்முடைய செப்புக் காசுக்காரன் மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தான். அடுத்த வாரம் அவன் ஒரு காகிதத்தோடு வந்தான். பந்து வாங்கிய சிநேகிதனை விசாரித்திருக்கிறான். அவனுக்குக் கொடுத்தவர் அவனுடைய மாமா. மாமா வாங்கியது பழைய இரும்புக் கடையில். கடைக்காரர், "ஏதோ ஒரு சாக்கில் வந்தது, தம்பி. எந்த ஊரென்று யார் கண்டது?" என்று சொல்லிவிட்டாராம். காகிதத்தில் மூன்று பெயர்களும், மூன்றாவதற்குக் கீழே ஒரு கேள்விக்குறியும் இருந்தன.

"ஸார், முதலில் எடுத்தவர் ஒரு துண்டுக் காகிதத்தில் ஊர்ப் பெயரை எழுதிக் கூடவே போட்டிருந்தால் போதுமே?" என்றான்.

போதும், குழந்தாய், போதும் என்றோம். இதைவிடச் சுருக்கமாகப் புதைபொருள் ஆராய்ச்சியைப் பற்றி நாமும் பாடம் நடத்தியதில்லை. அன்றிலிருந்து வகுப்பில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். யாராவது பழங்காசோ, மண்டையோடு போன்ற பானை ஓடோ கண்டால், அதைத் தேய்க்காமல், தோண்டாமல், கண்ட இடத்தை மட்டும் அதில் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. இதுவரை மூன்று வரிகள் ஏறியிருக்கின்றன.

செப்புக் காசு நம் மேஜைமேல் இன்னும் இருக்கிறது. மின்னுவதில் குறைவில்லை. வாயைத்தான் திறக்க மாட்டேன் என்கிறது.